டீசல் எஞ்சின் வளர்த்த ஊரில் ஏழு நாள்

முதல் நாள், சனி

கொலம்பஸ் போகிறேன் என்றதும் கோவையில் எல்லோரும் "ஒஹையோவா?" என்றுதான் கேட்டார்கள். அது பெரிய நகரம், ஒஹையோ மாநிலத்தின் தலைநகரம். நான் வந்திருப்பது இண்டியானா மாநிலத்தில் உள்ள கொலம்பஸுக்கு. 2020 கணக்கெடுப்பில் இதன் மக்கள்தொகை 50,474. பொள்ளாச்சியில் பாதியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

தங்கை குடும்பம் இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. மாப்பிள்ளைக்கு டீசல் எஞ்சின் செய்யும் கம்மின்ஸ் கம்பெனியில் வேலை. புனேயில் சேர்ந்தவரை இங்கே மாற்றினார்கள். இண்டியானாபொலிஸ் விமான நிலையத்துக்கு தங்கை, மாப்பிள்ளை, அவர்கள் மகள் பாப்பா மூவரும் வந்திருந்தார்கள். அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணம். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் சோளக்காடும் சோயாக்காடும். அக்டோபர் என்பதால் அறுவடை நடக்கிறது. ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டும் இயந்திரம் முழுக் காட்டையும் மொட்டையடித்துக்கொண்டு போகிறது. அந்த இயந்திரத்துக்குள் ஓடுவதும் டீசல் எஞ்சின்தான் என்றார் மாப்பிள்ளை.

ராத்திரி சாப்பாடு ஆனதும் தங்கை விஷயத்துக்கு வந்தாள். "அக்கா, வீடு வாங்கலாமான்னு யோசிக்கிறோம். நீ கணக்கு பாக்கிறவ. இந்த ஒரு வாரத்துல ஊரைப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லு."

இருபத்திரண்டு வருடமாக உலோகம் வார்க்கும் ஒரு பவுண்டரியில் கணக்கு எழுதுகிறேன். ஆர்டர் நின்றால் ஒரு தெருவே எப்படி அடங்கிப்போகும் என்று பார்த்தவள். ஒரே கம்பெனியை நம்பி நிற்கும் ஊரில் முப்பது வருடக் கடன் வாங்கி வீடு என்றால் எனக்குத் திக்கென்றுதான் இருந்தது. சரி, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இந்த ஏழு நாளும் நான் ஊரைப் பார்த்தது அந்தக் கண்ணோடுதான்.

இரண்டாம் நாள், ஞாயிறு

விமானக் களைப்பில் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. மக்கள்தொகைக் கணக்கை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2000-ல் 39,059. 2010-ல் 44,061. 2020-ல் 50,474. இருபது வருடத்தில் பதினோராயிரத்துக்கு மேல் கூடியிருக்கிறது. இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். இதே மாநிலத்தில் வடக்கே ஆண்டர்சன் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் உதிரிபாகத் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர். 1970-ல் அங்கே எழுபதாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. 2020-ல் ஐம்பத்தைந்தாயிரம் பேர்கூட இல்லை. அமெரிக்காவின் இந்தப் பகுதியில் ஆண்டர்சன் மாதிரிதான் நிறைய ஊர்கள். கொலம்பஸ் மாதிரி வளர்ந்தவை கொஞ்சம்.

காலையில் ஊருக்குள் போனோம். மாவட்ட நீதிமன்றம் 1874-ல் கட்டியது, கடிகாரக் கோபுரத்தோடு செங்கல் நிறத்தில் நிற்கிறது. 1821-ல் ஊர் தொடங்கியபோது நிலம் கொடுத்த ஜான் டிப்டனின் பெயரில் டிப்டோனா என்றுதான் வைத்தார்களாம். கொஞ்ச நாளிலேயே கொலம்பஸ் என்று மாற்றிவிட்டார்கள். அவர் மனம் வெறுத்து ஊரைவிட்டே போய்விட்டார் என்று சொல்கிறார்கள்.

அங்கிருந்து நாலு எட்டு நடந்தால் ஃபர்ஸ்ட் கிறிஸ்டியன் சர்ச். 1942-ல் ஃபின்லாந்துக்காரரான எலியல் சாரினென் வடிவமைத்தது. சர்ச் என்றால் நமக்குக் கூர்முனைக் கோபுரமும் வண்ணக் கண்ணாடியும்தானே ஞாபகம் வரும். இது ஒரு பெரிய செவ்வகப் பெட்டி. பக்கத்தில் 166 அடி உயரத்துக்கு நேராக எழும்பும் செங்கல் கோபுரம். முகப்பில் கல் கட்டங்கள், அதில் சிலுவை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கிறது. பத்து நிமிடம் பார்த்த பிறகுதான் அது அங்கே இருப்பதுதான் சரி என்று பட்டது. அமெரிக்காவில் நவீன பாணியில் கட்டிய ஆரம்பகால சர்ச்சுகளில் இது ஒன்று.

அவருடைய மகன் ஏரோ சாரினென் வடிவமைத்த நார்த் கிறிஸ்டியன் சர்ச் வடக்கே இருக்கிறது. 1964-ல் முடிந்தது. ஆறு பக்கமும் சரிந்து இறங்கும் கூரை, நடுவில் 192 அடிக்கு ஊசி மாதிரி ஒரு கோபுரம். பணி முடியும் முன்பே, 1961-ல், அவர் இறந்துவிட்டார். இந்தச் சர்ச்சில் இப்போது வழிபாடு கிடையாது. சபையில் ஆள் குறைந்து குறைந்து 2022-ல் கலைத்துவிட்டார்கள். ஊரில் ஜனம் கூடிக்கொண்டே போகும்போதுதான் இதுவும் நடந்திருக்கிறது. புல்வெளியில் நின்று அந்த ஊசிக் கோபுரத்தைப் பார்த்தபோது நெஞ்சுக்குள் ஏதோ செய்தது.

சாயங்காலம் பிள்ளையார் கோவிலுக்குப் போனோம். ஆமாம், இந்த ஊரில் பிள்ளையார் கோவில் உண்டு. பெரிய கோபுரமெல்லாம் இல்லை, எளிமையான இடம். மராத்தி, இந்தி, தெலுங்கு, தமிழ் எல்லாம் ஒரே வரிசையில் காதில் விழுந்தது. ஊரில் இப்போது ஏறக்குறையப் பத்தில் ஒருவர் ஆசிய வம்சாவளி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களும் அதே அளவுக்கு இருக்கின்றன. ஐம்பதாயிரம் பேர் உள்ள இண்டியானா ஊருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

மூன்றாம் நாள், திங்கள்

இன்று பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். இந்த ஊரின் சூட்சுமம் எனக்கு இன்றுதான் பிடிபட்டது.

பாப்பாவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, தங்கை என்னை ஷ்மிட் தொடக்கப் பள்ளிக்குக் கூட்டிப்போனாள். நாங்கள் வெளியிலிருந்துதான் பார்த்தோம். 1957-ல் சிகாகோவின் ஹாரி வீஸ் வடிவமைத்தது. ஒவ்வொரு வகுப்பறைக்கும் தனித்தனியாக ஒரு கூம்புக் கூரை. தூரத்தில் பார்த்தால் சின்னச் சின்ன வீடுகள் வரிசையாகக் கைகோத்து நிற்பது மாதிரி இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தை பெரிய கட்டடத்தைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

கதை இப்படிப் போகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் குழந்தைகள் பெருகினார்கள். இருந்த பள்ளிக்கூடங்கள் போதவில்லை. அவசரத்தில் கட்டியவை சரியில்லை. அதே சமயம் கம்மின்ஸ் கம்பெனி வளர்ந்துகொண்டிருந்தது, அதற்கு நல்ல எஞ்சினியர்கள் வேண்டும். சிகாகோவையும் டெட்ராய்ட்டையும் விட்டுவிட்டு சோளக்காட்டு நடுவில் இருக்கும் ஊருக்கு எவன் குடும்பத்தோடு வருவான்? பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் இருந்தால் வருவான். கம்பெனியின் தலைவர் ஜே. இர்வின் மில்லருக்கு இது புரிந்தது.

அவர் பள்ளிக்கூடத்தைக் கட்டிக்கொடுத்துத் தன் பெயரைப் பொறித்துக்கொள்ளவில்லை. கம்மின்ஸ் அறக்கட்டளை மூலம் ஓர் ஏற்பாடு செய்தார். நல்ல ஆர்க்கிடெக்டுகளின் பட்டியல் ஒன்றை அறக்கட்டளை கொடுக்கும். அதிலிருந்து ஒருவரைப் பள்ளி நிர்வாகமே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஆர்க்கிடெக்டின் கட்டணத்தை அறக்கட்டளை கொடுத்துவிடும். கட்டுமானச் செலவு முழுக்க ஊருடைய வரிப்பணம். வடிவமைப்பில் அறக்கட்டளை மூக்கை நுழைக்காது. வேண்டாம் என்றால் ஊர் மறுத்துவிடலாம்.

கணக்கு எழுதுகிறவளாகச் சொல்கிறேன், இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக நன்கொடை கொடுத்தவர்களை நான் பார்த்ததில்லை. ஒரு கட்டடத்தின் மொத்தச் செலவில் ஆர்க்கிடெக்ட் கட்டணம் ஒரு சின்னப் பங்குதான். ஆனால் கட்டடம் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சின்னப் பங்கு. அங்கேதான் எல்லோரும் மிச்சம் பிடிப்பார்கள். மில்லர் சரியாக அந்த இடத்தில் பணத்தை வைத்தார். பெரிய பங்கு ஊருடையது என்பதால் கட்டடமும் ஊருடையது ஆகிவிடுகிறது. தானம் வாங்கிய கூச்சம் யாருக்கும் இல்லை.

முதலில் பள்ளிகளுக்கு என்று தொடங்கியது அப்புறம் தீயணைப்பு நிலையம், தபால் அலுவலகம் என்று விரிந்தது. ராபர்ட் வென்ச்சூரி 1968-ல் செய்த நான்காம் எண் தீயணைப்பு நிலையத்தையும் பார்த்தோம். முகப்பில் ஆளுயரத்தைத் தாண்டிய '4' என்ற எண். பாப்பா நடக்கப் பழகும்போது கற்றுக்கொண்ட முதல் எண் அதுதான் என்றாள் தங்கை. 1991-ல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் கட்டடப் புதுமையில் நாட்டின் ஊர்களை வரிசைப்படுத்தியபோது சிகாகோ, நியூயார்க், சான்பிரான்சிஸ்கோ, பாஸ்டன், வாஷிங்டன் ஆகியவற்றுக்கு அடுத்து ஆறாவதாக வந்தது இந்தச் சின்ன ஊர்.

பள்ளி விட்டதும் பாப்பாவோடு நூலகம் போனோம். ஐ.எம். பெய் வடிவமைத்து 1969-ல் திறந்தது. வாசலில் செங்கல் பாவிய ஒரு முற்றம், அதன் நடுவில் சிற்பி ஹென்றி மூரின் வெண்கல வளைவு, இருபதடி உயரம் இருக்கும். 1971-ல் வைத்தார்கள். இரண்டு எலும்புகள் தோள் சேர்த்து நிற்பது மாதிரி இருக்கிறது. கிட்டப் போய் உள்பக்கம் தடவிப் பார்த்தேன். பச்சை படிந்த வெண்கலத்தில் மேலே எல்லாம் சொரசொரப்பு, குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் மட்டும் வழவழவென்று இருக்கிறது. பவுண்டரியில் வார்ப்புப் பிசிறைத் தேய்க்க ஆள் வைத்திருக்கிறோம். இங்கே ஐம்பது வருடமாகக் குழந்தைகள் தேய்த்திருக்கிறார்கள். "பெரியம்மா, இதுக்குள்ள ஓடினா எக்கோ வருதான்னு பாருங்க" என்று பாப்பா நாலு தடவை உள்ளே புகுந்து வெளியே வந்தாள்.

நான்காம் நாள், செவ்வாய்

காலையிலிருந்து மழை. வெளியே போகவில்லை. சாம்பார் வைத்தேன், துணி மடித்தேன்.

மழையைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பெண்மணி 2008 வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். அந்த ஜூன் 7-ஆம் தேதி ஒரே நாளில் கொட்டிய மழையில் ஹா க்ரீக் என்ற ஓடை பொங்கிவிட்டது. சாதாரண நாளில் கணுக்கால் நனையும் ஓடைதான் அது. ஊரின் மருத்துவமனைக்குள் தண்ணீர் புகுந்து, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளை வெளியேற்றினார்கள். அடித்தளத்தில்தான் ஆய்வகம், மருந்தகம் எல்லாம் இருந்தன. மருத்துவமனை மறுபடி முழுதாகத் திறந்தது அக்டோபர் கடைசியில். கம்மின்ஸின் ஆராய்ச்சிக் கூடத்திலும் வெள்ளம். ஆற்றோரப் பெரிய வீடுகளைவிட, ஓடைப்பக்கம் இருந்த நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளுக்குத்தான் அடி பலம் என்றார் அவர்.

தங்கை விலைக்குப் பார்த்து வைத்திருக்கும் மூன்று வீடுகளில் ஒன்று அந்த ஓடைக்குப் பக்கம். குறித்து வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், புதன்

மாப்பிள்ளை அரைநாள் லீவு போட்டுவிட்டு கம்பெனியைக் காட்டினார். தலைமை அலுவலகம் ஊர் நடுவில் இருக்கிறது. கெவின் ரோச் வடிவமைத்தது, உயரமே இல்லை, கொடிகள் படர்ந்த தூண் வரிசையோடு தெருவோரம் நீளமாகப் படுத்திருக்கிறது. உள்ளே பழைய மாவு மில் ஒன்றை இடிக்காமல் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் பெயர் சீரியலைன், அமெரிக்காவின் முதல் காலையுணவுத் தானியங்களில் ஒன்றைச் செய்த மில்.

முகப்புக் கூடத்தில் ஒரு டீசல் எஞ்சினை நட்டு, வாஷர் உட்பட ஒவ்வொரு பாகமாகப் பிரித்துக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். வெடித்துச் சிதறும் நொடியில் அப்படியே நின்றுவிட்டது மாதிரி இருக்கிறது. சிலிண்டர் பிளாக்கின் வார்ப்பைப் பார்த்துக்கொண்டு நான் அங்கேயே நின்றுவிட்டேன். அத்தனை மெல்லிய சுவர், அத்தனை நீர்வழி. இதில் கோர், அதாவது உள்ளே வெற்றிடம் விழ வைக்கும் மணல் அச்சு, நகராமல் ஊற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று பவுண்டரிக்காரர்களுக்குத் தெரியும்.

கம்பெனி பிறந்த கதையும் வினோதமானது. கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவர் இந்த ஊரின் வங்கிக்காரரான இர்வின் குடும்பத்துக்குக் கார் ஓட்டியவர், மெக்கானிக். அவருடைய டீசல் பைத்தியத்துக்கு வில்லியம் இர்வின் பணம் போட்டார். 1919-ல் கம்பெனி தொடங்கியது. முதல் லாபம் வந்தது 1937-ல்! பதினெட்டு வருடம் பணத்தை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எங்கள் முதலாளியிடம் சொன்னால் நம்பமாட்டார். டீசலை யாரும் சீண்டவில்லை என்றதும் கிளெஸ்ஸி ஒரு பேக்கார்ட் காரில் தன் எஞ்சினைப் பொருத்தி, 1930 தொடக்கத்தில் இண்டியானாபொலிஸிலிருந்து நியூயார்க் கார் கண்காட்சிக்கே ஓட்டிப் போனார். கிட்டத்தட்ட 1,275 கிலோமீட்டர். எரிபொருள் செலவு 1 டாலர் 38 சென்ட். அடுத்த வருடம் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் அவருடைய டீசல் கார் எரிபொருளுக்காக ஒரு தடவைகூட நிற்காமல் ஓடி முடித்தது. வந்தது பதின்மூன்றாவதாகத்தான், ஆனால் ஊருக்கு டீசல் என்றால் என்னவென்று புரிந்தது.

1962-ல் புனேயில் கிர்லோஸ்கரோடு கூட்டு சேர்ந்தார்கள். இன்று இந்த ஊரில் மராத்தி கேட்பதற்கு அதுதான் மூலகாரணம். பஞ்சத்துக்கோ போருக்கோ தப்பி வந்தவர்கள் இல்லை இவர்கள். ஒரே கம்பெனியின் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு வந்தவர்கள். ஜப்பானியக் கம்பெனிகளும் இங்கே உண்டு. டொயோட்டாவின் ஃபோர்க்லிஃப்ட் தொழிற்சாலை 1990 முதல் இங்கே இருக்கிறது. இந்த வட்டாரத்தில் வேலை செய்கிறவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு உற்பத்தித் தொழிலில் இருக்கிறார்கள். நாடு முழுக்க எடுத்தால் அது பத்தில் ஒருவர்கூட இல்லை.

இதுதான் பலம், இதுதான் பயமும். ஊருக்குத் தெற்கே வேல்ஸ்பரோவில் பிக்கப் லாரிகளுக்கு எஞ்சின் செய்யும் தொழிற்சாலையை ரோட்டிலிருந்து பார்த்தோம். சுற்றியிருக்கும் வயல்வெளியைக் கெடுக்கக் கூடாது என்று கார் நிறுத்தத்தைக் கூரை மேல் வைத்து 1970-களில் கட்டியிருக்கிறார்கள். ராம் லாரிகளின் எஞ்சின்களில் புகை அளவை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது என்ற வழக்கில்தான் கம்பெனி 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட 2023 கடைசியில் ஒத்துக்கொண்டது. தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதித்ததிலேயே பெரிய அபராதம். தவறு செய்ததாகக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. இதைப் பற்றி நான் கேட்டபோது மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. "கஷ்டமாத்தான் இருந்துச்சுக்கா. நாங்க எல்லாரும் புகையைக் குறைக்கத்தானே இங்க உக்காந்து வேலை செய்யறோம்" என்றார். அந்த வருத்தம் உண்மையானது. நல்ல பள்ளிக்கூடம் கட்டிக்கொடுத்த பெயர் இதை ஈடுகட்டாது. ஈடுகட்டவும் கூடாது.

ஆறாம் நாள், வியாழன்

இர்வின் யூனியன் வங்கி. இன்றைய நாள் முழுக்க அதுதான்.

1871-ல் ஜோசப் இர்வின் என்பவரின் ஜவுளிக் கடையில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. ஊர்க்காரர்கள் தங்கள் காசை அதில் பத்திரமாக வைக்கச் சொல்லி அவரிடம் கொடுத்தார்கள். அந்த நம்பிக்கை வங்கியாக வளர்ந்தது. அந்தப் பணத்தில்தான் கம்மின்ஸ் கம்பெனி பதினெட்டு வருடம் நஷ்டத்தில் தாக்குப்பிடித்தது. 1954-ல் ஏரோ சாரினென் அந்த வங்கிக்குப் புதுக் கட்டடம் செய்தார். அதுவரை வங்கி என்றால் பெரிய தூண், கம்பிக் கூண்டுக்குள் காசாளர். இது நாலு பக்கமும் கண்ணாடி. தரை மட்டத்திலேயே வாசல், கூரையில் கவிழ்த்த கிண்ணங்கள் மாதிரி ஒன்பது குமிழ்கள், சுற்றி மரங்கள். விவசாயி சேற்றுக் காலோடு உள்ளே வரத் தயங்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

மில்லர் குடும்பம் கம்பெனியைக் காப்பாற்றிய கதையும் உண்டு. 1980-களின் கடைசியில் பிரிட்டனின் ஹான்சன் நிறுவனம் கம்மின்ஸ் பங்குகளை வாங்கிக் குவித்தது. அப்படி வாங்கிய கம்பெனிகளைத் துண்டு துண்டாக விற்பதில் பெயர் பெற்ற நிறுவனம். 1989-ல் மில்லர் குடும்பம் 7.2 கோடி டாலர் கொடுத்து, சந்தை விலையைவிட அதிகம் என்று தெரிந்தே, அந்தப் பங்குகளைத் திருப்பி வாங்கியது. லாப நட்டக் கணக்கில் இதை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அன்று அவர்கள் அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இந்த ஊரும் ஆண்டர்சன் போன வழியில் போயிருக்கலாம். இதை எழுதும்போது எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் உண்மையான மரியாதை வருகிறது.

ஆனால் வங்கி பிழைக்கவில்லை. வீட்டுக் கடன்களில் நாடு முழுக்கக் காலை அகட்டி வைத்து, நெருக்கடி வந்தபோது மூழ்கியது. 2009 செப்டம்பர் 18 அன்று அரசு அதை மூடியது. மில்லர் 2004-லேயே இறந்துவிட்டார், இதைப் பார்க்கவில்லை. அந்தக் கண்ணாடிக் கட்டடம் பிறகு கம்மின்ஸ் கம்பெனியின் கூட்ட அரங்கு ஆனது. எந்த வங்கியின் காசில் பிறந்ததோ, அந்த வங்கியின் கட்டடம் கம்பெனியின் கைக்கே வந்து சேர்ந்தது. வெளியில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காலியான பெரிய கூடம், வரிசையாக நாற்காலிகள், மேலே அந்த ஒன்பது குமிழ் வழியாக விழுந்த வெளிச்சம்.

வாஷிங்டன் தெருவில் சஹராகோஸ் ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்தோம். கிரேக்கத்திலிருந்து வந்த சகோதரர்கள் 1900-ல் தொடங்கிய கடை. 1904 செயின்ட் லூயி உலகக் கண்காட்சியிலிருந்து வாங்கி வந்த ஓனிக்ஸ் கல் சோடா மேடை இன்னும் இருக்கிறது. 2006-ல் மூடி, புதுப்பித்து 2009-ல் மறுபடி திறந்தார்கள். வெளிநாட்டுக்காரர் கடையாகத்தான் அதுவும் தொடங்கியிருக்கும். இன்று இந்த ஊர் தன்னுடையது என்று வெளியூர்க்காரர்களுக்கு முதலில் காட்டுவது இதைத்தான்.

ராத்திரி மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சம்பளம், முன்பணம், வட்டி, சொத்து வரி, பாப்பாவின் படிப்பு. கணக்கில் எழுத முடியாத ஒரு வரி மட்டும் இருந்தது: கிரீன் கார்டு. ஒரு வருடத்தில் கொடுக்கும் வேலைவாய்ப்புக் கிரீன் கார்டுகளில் எந்த ஒரு நாட்டுக்காரருக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது சட்டம். குட்டி நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஒரே வரம்பு. அதனால் இந்தியர்களின் வரிசை வருடக்கணக்கில் நகராமல் நிற்கிறது. மாப்பிள்ளை ஹெச்-1பி விசாவில் இருக்கிறார். வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை அல்லது ஊருக்குத் திரும்புவது என்று நிலைமை. இந்த ஊரில் வேறு வேலை என்றால் எத்தனை வாசல் இருக்கிறது?

"அப்போ வேண்டாம்ங்கிறியாக்கா?" என்றாள் தங்கை.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு மூன்று வீட்டையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஏழாம் நாள், வெள்ளி

விமானம் ராத்திரிதான். காலையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் போர்வீரர் நினைவிடத்தைப் பார்த்தோம். 1997-ல் வைத்தது. நாற்பது அடி உயரத்தில் இருபத்தைந்து சுண்ணாம்புக்கல் தூண்கள், நெருக்கமாக. வெளிப்பக்கம் சொரசொரப்பான கல், உள்ளே நடந்தால் வழவழப்பான முகங்களில் இறந்தவர்களின் பெயர்களும், அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களும் செதுக்கியிருக்கின்றன. பெரிய வீர வசனம் ஒன்றும் இல்லை. வீட்டை விசாரிக்கிற, சாப்பாட்டைப் பற்றி எழுதுகிற சாதாரணக் கடிதங்கள். படிக்க ஆரம்பித்தால் நகர முடியவில்லை. பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் வீடுகள். முதல் வீடு விலை அதிகம். இரண்டாவது நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம், பள்ளிக்கூடம் தூரம். மூன்றாவதுதான் ஹா க்ரீக் பக்கத்து வீடு. பழைய செங்கல் வீடு, பின்னால் பெரிய மேப்பிள் மரம், பாப்பா நடந்தே பள்ளிக்குப் போகலாம். தங்கையின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மனசு இதில்தான். விற்கிறவர் வயதானவர், எஞ்சின் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்குப் போகிறாராம்.

வீட்டையெல்லாம் சுற்றிக் காட்டிவிட்டு, கேட்க ஏதாவது இருக்கிறதா என்றார். மாப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொன்னேன்: 2008-ல் தண்ணீர் எவ்வளவு வந்தது?

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கீழ்த்தளத்துக்குப் போகும் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். மொத்தம் பதினொரு படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, நாலாவது படியில் நின்று, சுவரில் பென்சிலால் போட்டிருந்த ஒரு கோட்டில் விரலை வைத்தார். பக்கத்தில் தேதி எழுதியிருந்தது.

"இதுவரைக்கும்" என்றார். "நானே குறிச்சு வெச்சேன். பெயின்ட் அடிக்கும்போதுகூட அந்த இடத்தை விட்டுட்டுத்தான் அடிச்சேன்."

மாப்பிள்ளை நோட்டை எடுத்து வெள்ளக் காப்பீட்டுப் பிரீமியம் எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்தார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் படியில் உட்கார்ந்து, அந்தக் கோட்டிலிருந்து வீட்டின் தரைமட்டம் எத்தனை அடி இருக்கும் என்று கையால் சாண் போட்டுப் பார்த்தேன்.